எல்லாப் பருவத்திற்கும் ஏற்ற டயர்: கரிசல் காட்டுச் சுமை வண்டிக்கு

உழவர் பெருமக்கள் விதை வாங்கும்போது முளைப்புத்திறன் பார்க்கிறார்கள். உர மூட்டையை வாங்கும்போது தையலையும் எடையையும் பார்க்கிறார்கள். காளை வாங்கும்போது பல் பிடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் சுமை வண்டிக்கு டயர் வாங்கும்போது மட்டும், "பட்டன் நல்லா இருக்கு, மாட்டிடலாம்" என்று கடைக்காரர் சொன்னதும் தலையசைத்து விடுகிறோம். டயருக்கும் பல் உண்டு. அதைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கற்றுக் கொடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் வட்டாரங்களில் கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தது; டயர் வண்டி குறைந்து, இப்போது சிறிய சுமை வண்டிகள் பெருகிவிட்டன. 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்த பிறகு, 'குட்டி யானை' என்ற பெயர் ஊரெல்லாம் பழகிப்போயிற்று. மிளகாய், மல்லி, பருத்தி, மக்காச்சோளம் ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், வீரசோழன் சந்தைக்கு ஆடுகளை ஏற்றிச் செல்லவும், உரம் கொண்டு வரவும் இவ்வண்டிகளே பயன்படுகின்றன. சிலர் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். சிலர் அண்ணன் தம்பியாகச் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். இவ்வண்டியின் செலவில் டீசலுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று டயர்.

ஒரு நண்பகல் அனுபவம்

2024ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், மிளகாய் விலை நிலவரம் காண்பதற்காக ஓர் உழவரின் வண்டியில் விருதுநகருக்குப் புறப்பட்டேன். வற்றல் மூட்டைகள் உயரமாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் அடியில் உறவினர் ஒருவரின் மல்லி மூட்டைகளும் இருந்தன. ஏறும்போதே பின்பக்க இடது டயர் சற்றுப் பிதுங்கியிருந்ததைக் கவனித்தேன். "அண்ணாச்சி, காத்து கம்மியா இருக்கோ?" என்று கேட்க வாயெடுத்தேன். வண்டிக்காரருக்குத் தெரியாததா என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டேன்.

நண்பகல் வெயிலில் அந்த டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாலையோரத்துப் பள்ளத்தில் நின்றது. அவருக்குத் தோளில் அடி. எனக்குச் சிராய்ப்பு. மூட்டைகள் கிழிந்து, களத்தில் காயவைத்துத் தரம் பிரித்த வற்றல் புழுதியில் சிதறியது. அன்றைய விலை அவருக்குக் கிடைக்கவில்லை.

"பட்டன் முழுசா இருக்கே சார், எப்படி வெடிச்சது?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். டயரைப் புரட்டிப் பார்த்தோம். பட்டன் உண்மையிலேயே முழுசாகத்தான் இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. ஒரு நீள்வட்டத்துக்குள் 1117 என்ற நான்கு இலக்கங்கள் இருந்தன. 2017ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் அது. ஏழு ஆண்டுகள் ஆன சரக்கு, மலிவு விலையில் அவருக்கு விற்கப்பட்டிருந்தது. பட்டன் பகுதியில் ஒரு சீமைக்கருவேல முள்ளும் ஒடிந்து நின்றது. பழைய ரப்பர், கசிந்த காற்று, கூடுதல் சுமை என்ற மூன்றும் சித்திரை வெயிலில் ஒன்று சேர்ந்துவிட்டன. இவற்றுள் ஏதேனும் ஒன்றை அன்று காலையில் தடுத்திருந்தால் வண்டி பெரும்பாலும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். நான் கேட்காமல் விட்ட கேள்வியும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

'எல்லாப் பருவ' டயர் என்றால் என்ன?

பனி பெய்யும் நாடுகளில் கோடைக்கு ஒரு டயரும் குளிர் காலத்திற்கு வேறொரு டயரும் மாற்றுகிறார்கள். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கிறது. ஆகவே குளிருக்கு மென்மையான ரப்பர் கலவை தேவைப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே, ஆண்டு முழுவதும் ஓடக்கூடியதாகச் செய்யப்பட்டதே 'ஆல் சீசன்' டயர். 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் சேற்றையும் பனியையும் குறிப்பவை.

நமக்குப் பனி இல்லை. எனவே பனி டயரின் மென்மையான ரப்பரால் நமக்குப் பயனில்லை. நம் வெயிலில் அது விரைவாகத் தேயும். நம் பருவங்கள் வேறு. பங்குனி முதல் ஆடி வரை தார்ச்சாலை கொதிக்கும். காற்றின் வெப்பநிலை 40 டிகிரியை எட்டும் நாளில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியையும் தாண்டுவதுண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கரிசல் மண் பசையாகிச் சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் கண்மாய்க்கரையிலும் வண்டிப்பாதையிலும் சீமைக்கருவேல முள் கிடக்கும். வெப்பம், சேறு, முள் ஆகிய மூன்றையும் தாங்குவதே நமக்கு 'எல்லாப் பருவ' டயர்.

டயரின் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

சிறு சுமை வண்டிகளில் வழக்கமாகக் காணப்படும் ஓர் அளவு: 145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர். 86/84.

145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 'ஆர்' என்பது ரேடியல் வகை. 12 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 'எல்.டி.' என்பது இலகு சுமை வண்டிக்கு உரியது என்பதைக் காட்டும். '8 பி.ஆர்.' என்பது உறுதியின் தரம். உள்ளே எட்டு அடுக்கு நூல் இருக்கிறது என்று பொருளல்ல, பழைய எட்டு அடுக்கு டயருக்கு இணையான வலிமை என்று பொருள். கடைசியில் உள்ள 86/84 சுமைக் குறியீடு. 86 என்றால் ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது ஒரு டயர் 530 கிலோ தாங்கும். 84 என்றால் இரட்டைச் சக்கரமாக ஓடும்போது ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கும்.

இதே அளவில் காருக்கான டயரும் கடையில் கிடைக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். விலையும் குறைவாக இருக்கும். அதன் சுமைக் குறியீடு குறைவு. சுமை வண்டிக்கு அதை ஒருபோதும் மாட்டக்கூடாது.

அடுத்து, நான்கு இலக்கத் தேதி. முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. இது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். ஆகவே மாட்டுவதற்கு முன்பே இருபுறமும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஓராண்டுக்கு உட்பட்டதாக வாங்குவது நல்லது. ஓடாமல் சும்மா கிடந்தாலும் வெயில், காற்றிலுள்ள ஓசோன், வெப்பம் ஆகியவற்றால் ரப்பர் முதுமை அடைகிறது. ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் கடைக்காரரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். நம் வெயிலில், சுமை வண்டியைப் பொறுத்தவரை, ஆறு ஆண்டை எல்லையாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். வாகன டயர்களுக்கு இந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2009இல் பிறப்பிக்கப்பட்டது.

ரேடியலா, நைலானா?

டயரின் உள்ளே நூல் அடுக்குகள் உள்ளன. அவை குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து பின்னப்பட்டிருந்தால் அதை நம் பக்கத்துக் கடைகளில் 'நைலான் டயர்' என்கிறார்கள். நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகச் சென்று, பட்டனுக்கு அடியில் எஃகு இழைப் பட்டை சுற்றப்பட்டிருந்தால் அது ரேடியல். 1946ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் மிச்செலின் நிறுவனம் இதற்குக் காப்புரிமை பெற்றது.

ரேடியல் டயர் சாலையில் சமமாகப் படியும். சூடு குறைவாக ஏறும். அதிகக் கிலோமீட்டர் ஓடும். எரிபொருளும் சற்று மிச்சமாகும். ஆனால் அதன் பக்கச் சுவர் மெல்லியது. கூர்மையான கல்லும் வரப்பு ஓரத்துக் கட்டையும் அதைக் கிழித்துவிடும். நைலான் டயரின் பக்கச் சுவர் தடிப்பானது. கரடுமுரடான பாதையில் அடி தாங்கும். ஆனால் வேகமாகத் தொடர்ந்து ஓட்டினால் சூடேறும், விரைவில் தேயும்.

உங்கள் வண்டி பெரும்பாலும் அருப்புக்கோட்டை, விருதுநகர், மதுரை என்று தார்ச்சாலையில் ஓடுமானால் ரேடியலைத் தேர்ந்தெடுங்கள். காட்டுக்கும் ஊருக்கும், சூளைக்கும் குவாரிக்கும் மெதுவாக ஓடும் வண்டியானால் நைலான் போதும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் மாட்டக்கூடாது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பட்டன் அமைப்பு

வட்டமாக நீளக் கோடுகள் உள்ள பட்டன் சாலையில் நேராக ஓடும், திருப்புவதற்கு எளிது, மழைநீரைக் கோடு வழியே வெளியேற்றும். குறுக்கே கட்டை கட்டையாக உள்ள பட்டன் சேற்றில் பிடிக்கும். ஆனால் தார்ச்சாலையில் இரைச்சலும் தேய்மானமும் அதிகம். இரண்டும் கலந்தது, நடுவில் கோடும் ஓரத்தில் கட்டையும் உள்ளது.

நம் வண்டிகளில் பலவற்றில் பின்சக்கரமே உந்துகிறது. ஆகவே முன்சக்கரத்திற்குக் கோடு பட்டனும், பின்சக்கரத்திற்குக் கலப்புப் பட்டனும் பொருந்தும். கலப்புப் பட்டனில் பள்ளம் அகலமாக உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரிசல் மண்ணின் களிமண் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பும் தன்மையுடையவை. பள்ளம் குறுகலாக இருந்தால் மண் அதில் அடைத்துக்கொண்டு டயர் மொட்டையாகிவிடும். அகலமான பள்ளமாக இருந்தால், சக்கரம் சுழலும்போது மண் தானே உதிரும்.

ட்யூபா, ட்யூப்லெசா?

ட்யூப் உள்ள டயரில் முள் ஏறினால் ட்யூப் கிழிந்து காற்று விரைவாக இறங்கும். ட்யூப்லெஸ் டயரில் முள் அதே துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று மெதுவாகக் கசியும். வீடு வந்து சேர அவகாசம் கிடைக்கும். பட்டன் பகுதியில் ஏற்பட்ட துளையைச் சக்கரத்தைக் கழற்றாமலே அடைக்கலாம். முள் மிகுந்த நம் பகுதிக்கு இது பெரிய வசதி. ஆனால் அந்த வசதியிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. மெதுவாகக் கசிவதால் நாம் கவனிக்காமல் குறைந்த காற்றிலேயே ஓட்டிவிடுவோம். நான் மேலே சொன்ன விபத்தில் நடந்தது அதுவே.

ட்யூப்லெஸ் டயருக்கு அதற்குரிய ரிம் வேண்டும். ட்யூப் டயருக்கான ரிம்மில் அதை மாட்டிக் காற்று அடிக்கக் கூடாது. பக்கச் சுவரில் முள் ஏறித் துளைத்திருந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. அங்கு ஒட்டு நிற்காது.

சுமைக் கணக்கு

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். வண்டியின் எடை 850 கிலோ. முன் அச்சில் 500, பின் அச்சில் 350. அனுமதிக்கப்பட்ட சுமை 750 கிலோ, அதாவது 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 15. இதில் 650 கிலோ பின் அச்சிலும் 100 கிலோ முன் அச்சிலும் விழுகிறது என்போம். பின் அச்சில் மொத்தம் 1,000 கிலோ. ஒரு டயருக்கு 500 கிலோ. 530 கிலோ தாங்கும் டயருக்கு இது பொருந்தும்.

இப்போது 7 மூட்டை கூடுதலாகப் பின்கதவுப் பக்கம் ஏற்றுகிறோம். கூடுதலான 350 கிலோவும் பின் அச்சிலேயே விழுகிறது. மொத்தம் 1,350, ஒரு டயருக்கு 675 கிலோ. தாங்கும் அளவைவிட 145 கிலோ அதிகம்! மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். நாம் ஏற்றுவதோ உர மூட்டை. '8 பி.ஆர்.' டயருக்குப் பதிலாக '10 பி.ஆர்.' மாட்டினால் வண்டியின் சுமையைக் கூட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். டயர் தாங்கினாலும் அச்சும் பிரேக்கும் தாங்கா.

காற்று அளவு

எவ்வளவு காற்று என்பது வண்டியின் கதவோரத் தகட்டிலோ கையேட்டிலோ உள்ளது. வெறும் வண்டிக்கு ஓர் அளவும், சுமைக்கு ஓர் அளவும் இருக்கும். அதைக் கையால் அமுக்கியோ காலால் உதைத்தோ அறிய முடியாது. அளவி ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். டயரின் உள்ளே 10 டிகிரி செல்சியசு சூடு ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பவுண்டு கூடும். ஆகவே நண்பகலில் 6, 7 பவுண்டு கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடக் கூடாது. மறுநாள் காலையில் காற்று குறைந்து நிற்கும். குறைந்த காற்றில் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கும்போது சூடாவதுபோல் அதுவும் சூடாகிறது. கோடையில் டயர் வெடிப்பதற்கு வெயிலைவிட இதுவே முதன்மையான காரணம்.

தேய்மானத்தைப் பார்த்து நோயை அறியலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு அல்லது சுமை அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் சரியில்லை. திட்டுத்திட்டாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையும் சக்கரச் சமநிலையையும் பார்க்க வேண்டும்.

விலையைக் கணக்கிடும் முறை

டயரின் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். ஓடும் கிலோமீட்டரால் வகுத்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ரூ. 3,600 விலையுள்ள டயர் 20,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 18 பைசா. ரூ. 4,800 விலையுள்ள டயர் 32,000 கிலோமீட்டர் ஓடினால் 15 பைசா. நான்கு டயருக்கு 72 பைசாவும் 60 பைசாவும் ஆகும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மிச்சம் ரூ. 1,200. விலை கூடிய டயரே இங்கு மலிவு. இக்கணக்கை உங்கள் வண்டிக்குப் போட, டயர் மாட்டிய நாளையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது அவசியம்.

ரீட்ரெட் செய்த டயரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். உடம்பு கெடாத, வயது அதிகமாகாத டயரில் நல்ல பட்டறையில் செய்தால், பின்சக்கரத்திற்கு மெதுவான ஓட்டத்தில் பயன்படுத்தலாம். முன்சக்கரத்திற்கு வேண்டாம்; அங்கு பட்டன் உரிந்தால் வண்டியைத் திருப்ப முடியாது.

எப்போது மாற்ற வேண்டும்?

பட்டன் பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அம்மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. நான்கு சக்கர வண்டிகளுக்குச் சட்டப்படி இந்த அளவு 1.6 மில்லிமீட்டர். ஆனால் மழைக் காலத்திற்கு 3 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் விட்டு நகத்தால் குறியிட்டு, பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். புரட்டாசியில் இதைச் செய்துவிட்டால் ஐப்பசி மழையில் வருந்த வேண்டியதில்லை.

டயரும் நிலமும்

உழவியல் படித்தவன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. டயர் நிலத்தை அழுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதன் காற்றழுத்தத்திற்குச் சமம். சுமை வண்டியின் டயரில் 50 பவுண்டு காற்று இருந்தால், ஒரு சதுர செ.மீ. மண்ணின் மேல் 3.5 கிலோ அழுத்துகிறது. டிராக்டரின் பெரிய பின்சக்கரம் 14 பவுண்டு காற்றில் 1 கிலோ அளவே அழுத்துகிறது. ஈரக் கரிசலில் சுமை வண்டியை இறக்கினால் மண் இறுகி, அடுத்த பயிரின் வேர் அத்தடத்தில் இறங்காது, மழைநீரும் உட்செல்லாது. மானாவாரி நிலத்தில் நீர் உட்செல்லாத தடம் விளையாத தடம்தான்.

நிலத்து மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டு கையில் ஒட்டினால் வண்டியை உள்ளே விடக் கூடாது. மூட்டைகளைத் தலைச்சுமையாகவோ டிராக்டரிலோ பாதைக்குக் கொண்டு வாருங்கள். உள்ளே போய்த்தான் ஆக வேண்டுமானால் ஒரே தடத்தில் போய் அதே தடத்தில் திரும்புங்கள். சேற்றில் மாட்டிக்கொண்டால் காற்றைச் சற்று இறக்கி மீளலாம். ஆனால் தார்ச்சாலை ஏறுமுன் மறுபடியும் அடித்துவிட வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. டயர் வாங்கும்போது அளவு, சுமைக் குறியீடு, தேதி, ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகிய நான்கையும் நீங்களே படியுங்கள்.

2. ஓர் அச்சுக்கு இரண்டாக, ஒரே வகையாக வாங்குங்கள்.

3. வாரம் ஒரு முறையும், சந்தைக்குப் புறப்படும் ஒவ்வொரு நாளும் காலையில் காற்றை அளந்து பாருங்கள். ஸ்டெப்னியை மறவாதீர்கள்.

4. மாலையில் வண்டியை நிறுத்தியதும் பட்டனில் முள், கல், ஆணி உள்ளதா என்று பாருங்கள். வால்வு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள்.

5. நான்கும் ஒரே வகை டயரானால் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் இடம் மாற்றுங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய பின் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் முடுக்குங்கள்.

6. மூட்டைகளைப் பின்கதவுப் பக்கம் குவிக்காமல், கனமானவற்றை முன்புறமாகவும் தாழ்வாகவும் அடுக்குங்கள்.

7. கழித்த டயரை எரிக்காதீர்கள். அதன் புகை நச்சு. வீட்டு ஓரத்திலும் போடாதீர்கள். அதில் தேங்கும் மழைநீரில் டெங்குக் கொசு வளரும்.

காற்றடைத்த டயரை 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்டு நகரில் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகச் செய்து பார்த்தவர் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர். தன் பிள்ளையின் வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. நம் வண்டியிலும் நம் பிள்ளைகளே ஏறுகிறார்கள். ஓராண்டு உழைப்பும் அதில்தான் சந்தைக்குப் போகிறது. காலையில் ஐந்து நிமிடம் குனிந்து நான்கு டயரையும் பாருங்கள். அடுத்தவர் வண்டியில் ஏறும்போது காற்றுக் குறைவு கண்ணில் பட்டால், தயங்காமல் வாய் திறந்து சொல்லுங்கள்.